விறைப்புக் குறைபாட்டு மருந்துகள்

உடலுறவுக்குப் போதிய அளவு ஆண்குறி விறைக்காமலோ, விறைப்பு நிலைக்காமலோ போவது தொடர்ந்தால் அது விறைப்புக் குறைபாடு எனப்படும். நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், புகைத்தல், மனச்சோர்வு ஆகியன இதன் பொதுவான காரணங்களாகும்; 2009 இல் போர் முடிவுற்ற வன்னிப் பெருநிலப்பரப்பில், முள்ளந்தண்டு வடக் காயத்தோடு வாழ்வோருக்கு நரம்புப் பாதிப்பும் காரணமாகிறது.

பாலுணர்வு எழும்போது நரம்பு முனைகள் வெளிவிடும் நைத்திரிக் ஒட்சைட்டு, சைக்கிளிக் ஜிஎம்பி என்னும் பொருளைப் பெருக்கிக் குருதிக்குழாய்த் தசைகளைத் தளர்த்துவதால் குறியில் குருதி நிறைகிறது. அப்பொருளைச் சிதைக்கும் பொஸ்போடைஎஸ்டரேஸ் 5 என்னும் நொதியத்தைத் தடுப்பதே இம்மருந்துகளின் தொழில். ஆகவே, பாலுணர்வு எழாதவிடத்து இவை விறைப்பைத் தருவதில்லை.

இவற்றுள் முதலாவதான சில்டெனாபில், இங்கிலாந்தின் சாண்ட்விச் நகரிலிருந்த பைசர் ஆய்வுகூடத்தில் இதயவலிக்கு மருந்து தேடியபோது உருவாகி, 1998 மார்ச்சில் வயாகரா என்னும் பெயரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இது பெரும்பாலும் 50 மில்லிகிராம் அளவில் தொடங்கி, உறவுக்கு ஏறத்தாழ 1 மணித்தியாலம் முன்னதாக, நாளில் ஒரு தடவைக்கு மேற்படாமல் எடுக்கப்படுகிறது. இதன் பயன் ஏறத்தாழ 4 மணித்தியாலமும், 2003 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, இவ்வகையின் மற்றொரு மருந்தான தடாலாபிலின் பயன் 36 மணித்தியாலம் வரையும் நீடிக்கும். தலைவலி, முகஞ்சிவத்தல், மூக்கடைப்பு, அசீரணம் என்பன பொதுவான பக்கவிளைவுகள். 4 மணித்தியாலங்களுக்கு மேல் தணியாத விறைப்பு அவசர சிகிச்சைக்குரியது.

நெஞ்சுவலிக்குக் கொடுக்கப்படும் நைத்திரேற்று மருந்துகளோடு இவை சேர்ந்தால் இரத்த அழுத்தம் சடுதியாக வீழ்ந்து உயிராபத்து நேரலாம். கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ இதய கிளினிக்குக்குச் செல்பவரின் கொப்பியில் ஐசோசோர்பைட் என்றோ, நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் ஜிரிஎன் குளிசை என்றோ எழுதப்பட்டிருந்தால், அவருக்கு இம்மருந்துகள் ஆகா. நெஞ்சின் மேற்பகுதியிலோ கழுத்திலோ முள்ளந்தண்டு வடம் காயமுற்றவருக்குத் திடீரென ஏறும் இரத்த அழுத்தத்தைத் தணிக்கவும் நைத்திரேற்று கொடுக்கப்படுவதுண்டு என்பதால், அவரும் இம்மருந்து எடுத்ததை வைத்தியருக்கு அறிவித்தாக வேண்டும்.

விறைப்புக் குறைபாடு, வெளித்தெரியாத நீரிழிவுக்கோ இதயக் குருதிக்குழாய் நோய்க்கோ முன்னறிகுறியாகவும் அமையக்கூடும். வெட்கத்தால் பாமசியில் தனியே கேட்டு வாங்கும் குளிசை இந்நோயை மறைத்துவிடும். வைத்தியரிடம் சொல்லி, இரத்தச் சீனியையும் இரத்த அழுத்தத்தையும் சோதித்து, மருந்தைக் கிளினிக் கொப்பியில் பதிவித்த பின்னரே எடுப்பது உயிருக்குப் பாதுகாப்பாகும்.