பெற்றவர் ஒருவர், வாங்குபவர் வேறொருவர்: கிழக்கம்பலம் எழுப்பும் வினா

எர்ணாகுளம் மாவட்ட ஆட்சியர் அலுவலகமும், தகவல் தொழில்நுட்பப் பூங்காவும், சிறப்புப் பொருளாதார மண்டலமும் ஒருங்கே அமைந்த இடம் காக்கநாடு. அங்கிருந்து கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது கிழக்கம்பலம். ஒரு நிறுவனம் சமூகத்திற்குச் செய்யும் நன்மை, அதன் பொருளை மக்கள் வாங்குவதற்குக் காரணமாகிறதா? மேலாண்மையியல் நெடுங்காலமாகக் கேட்டுவரும் இவ்வினாவிற்குக் கிழக்கம்பலத்தின் அண்மை வரலாறு எதிர்பாராத ஒரு விடையைத் தருகிறது.

தமிழ் வாசகர்களுக்கு இவ்வினா புதியதன்று. 1906 அக்டோபரில் தூத்துக்குடியில் வ.உ. சிதம்பரம் பிள்ளை பதிவு செய்த சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் முதலீடு 10 லட்சம் ரூபாய். ஒரு பங்கின் விலை 25 ரூபாய். ஆங்கிலேயக் கப்பல் நிறுவனம் கட்டணத்தைக் குறைத்துப் போட்டியிட்டபோதும் சுதேசிக் கப்பலை நாடியவர்கள் இருந்தனர். விலையைத் தாண்டிய ஒரு மதிப்பிற்காகச் சீட்டு வாங்கியவர்கள் அவர்கள். ஆனால் அந்தக் கம்பெனி அவர்களுக்கு எந்தக் கொடையும் வழங்கவில்லை. தங்களுடைய முயற்சி என்றே அதை அவர்கள் கருதினர். அந்த உணர்வும் விலைப்போரையும் அரசின் ஒடுக்குமுறையையும் நெடுநாள் தாங்க இயலவில்லை. 1908இல் வ.உ.சி. சிறை சென்றார், 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது.

‘நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு’ என்பது ஆய்வுப் பொருளாக உருப்பெற்றது இதற்கு அரை நூற்றாண்டுக்குப் பின்னரே. அமெரிக்கப் பொருளியலாளர் ஹோவர்ட் போவன் 1953இல் தொழிலதிபரின் சமூகப் பொறுப்புகள் குறித்து நூல் எழுதினார். 1970இல் மில்டன் ஃபிரீட்மன், விதிகளுக்கு உட்பட்டு இலாபம் ஈட்டுவதே நிறுவனத்தின் பொறுப்பு என்று மறுத்தார். இந்தியா இவ்விவாதத்தைச் சட்டத்தின் வழியே கடந்தது. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், 135ஆம் பிரிவின்படி, 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர இலாபமோ உடைய நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரல் முதல் இது நடைமுறையில் உள்ளது.

இச்செலவு விற்பனையாகத் திரும்புகிறதா என்பதில் ஆய்வுகள் ஒருமித்த முடிவைத் தரவில்லை. சங்கர் சென், சி.பி. பட்டாச்சார்யா ஆகியோரின் 2001ஆம் ஆண்டு ஆய்வு ஒரு சமச்சீரின்மையைக் காட்டியது. நிறுவனத்தின் தீய நடத்தையை அறியும்போது நுகர்வோர் அனைவரும் எதிர்வினை புரிகின்றனர். நற்செயலை அறியும்போதோ, அக்குறிப்பிட்ட நோக்கத்தில் முன்பே ஈடுபாடு உடையவர்களே அசைகின்றனர். நியூயார்க் நகரக் கடையொன்றில் ஹிஸ்காக்ஸ், ஸ்மித் ஆகியோர் நடத்திய கள ஆய்வில், தொழிலாளர் நலன் பேணித் தயாரித்தவை என்று அடையாளச் சீட்டு இட்ட துண்டுகளும் மெழுகுவர்த்திகளும் விலை உயர்த்தப்பட்ட பின்னரும் கூடுதலாக விற்றன. மாறாக, டெவின்னி, ஆகர், எக்கார்ட் மூவரும் 2010இல் வெளியிட்ட நூல், ‘அறம்சார் நுகர்வோர்’ என்பதே ஒரு தொன்மம் என்று வாதிட்டது. கருத்துக்கணிப்பில் அறத்தைத் தேர்ந்தவர் கடையில் விலையையும் தரத்தையும் தேர்கிறார் என்பது அவர்கள் தரப்பு.

இந்த ஆய்வுகள் யாவும் நன்மையைக் கேள்விப்படுபவரையும் பொருளை வாங்குபவரையும் ஒருவராகவே கொள்கின்றன. கிழக்கம்பலம் குலைப்பது இந்த எடுகோளைத்தான்.

எம்.சி. ஜேக்கப் 1968இல் தொடங்கிய அன்னா அலுமினியம், கிழக்கம்பலத்தின் தொழில் வரலாற்றில் முதன்மையானது. அக்குழுமத்திலிருந்து வளர்ந்த கிடெக்ஸ் கார்மெண்ட்ஸ் கைக்குழந்தைகளுக்கான ஆடைகளைத் தைத்துப் பெரும்பகுதியை அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்கிறது. ஆலையின் கழிவுநீர் குறித்த புகார்களும் உரிமம் தொடர்பாக ஊராட்சியுடன் எழுந்த பிணக்கும் நிலவிய சூழலில், 2013இல் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் சாபு எம். ஜேக்கப் முன்னின்று ‘ட்வென்டி 20’ என்ற அமைப்பை உருவாக்கினார். 2020க்குள் முன்மாதிரி ஊராட்சியை அமைப்பது என்ற இலக்கே அதன் பெயராயிற்று. வீடுகள், சாலைகள், குடிநீர் எனப் பணிகள் விரிந்தன. குடும்ப அட்டை பெற்றோர்க்குச் சந்தை விலையினும் மிகக் குறைந்த விலையில் அரிசி, காய்கறி, மளிகை வழங்கும் உணவுப் பாதுகாப்புச் சந்தையும் திறக்கப்பட்டது.

அந்தச் சந்தையில் வாங்கியவர்கள் நிறுவனத்தின் நற்பெயருக்காக வாங்கினார்கள் என்று கூறுவது கடினம். விலை குறைவு, ஆகவே வாங்கினர். கிடெக்ஸின் முதன்மைச் சரக்காகிய குழந்தை ஆடையை வாங்குபவரோ அமெரிக்க அங்காடியில் நிற்கும் ஒரு தாய். அந்த ஆடை பெரும்பாலும் அந்நாட்டு வணிகப் பெயர்களில் விற்பனையாகிறது. கிழக்கம்பலத்தில் எழுந்த வீட்டை அவர் அறிய வழியில்லை; அவர் கையிலுள்ள அடையாளச் சீட்டு அதைச் சொல்வதுமில்லை. நன்மையைப் பெற்றவர் ஒருவர், பொருளை வாங்குபவர் வேறொருவர். இவ்விருவருக்கும் இடையே பெருங்கடல் கிடக்கிறது.

எனினும் நன்மைக்குப் பதில் கிடைக்காமல் போகவில்லை. அது கடையில் கிடைக்கவில்லை, வாக்குச்சாவடியில் கிடைத்தது. 2015 உள்ளாட்சித் தேர்தலில் கிழக்கம்பலத்தின் 19 வார்டுகளில் 17ஐ ட்வென்டி 20 வென்றது. 2020இல் ஐக்கரநாடு, மழுவன்னூர், குன்னத்துநாடு ஆகிய ஊராட்சிகளும் சேர்ந்தன. ஆனால் 2021 சட்டமன்றத் தேர்தலில் எர்ணாகுளம் மாவட்டத்தின் 8 தொகுதிகளில் போட்டியிட்ட அவ்வமைப்பு ஒன்றிலும் வெல்லவில்லை. நேரடியாகப் பெற்றவர்களின் ஆதரவு, கேள்விப்பட்டவர்களிடம் அதே அளவில் பரவவில்லை என்று இதை வாசிக்க இடமுண்டு. மேலும், நலத்திட்டத்தை ஒரு நிறுவனத்தின் அட்டையோடு பிணைப்பது உள்ளாட்சியின் பொதுத்தன்மையைச் சிதைக்கும் என்று எதிர்த்தரப்பினர் வாதிட்டனர். கட்சிகள் செய்யத் தவறியதை ஒரு நிறுவனம் செய்தது என்று ஆதரவாளர் விடையிறுத்தனர்.

கேரளத்தின் மற்றொரு நிகழ்வு இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. பாலக்காடு மாவட்டத்தின் பிளாச்சிமடையில் 2000இல் இயங்கத் தொடங்கிய கோகோ கோலா ஆலைக்கு எதிராக, நிலத்தடி நீர் குறைந்து கெட்டது என்ற குற்றச்சாட்டுடன் 2002இல் ஆதிவாசி மக்கள் போராட்டத்தைத் தொடங்கினர். 2003இல் பெருமாட்டி ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது. அதே 2003 ஆகஸ்டில் தில்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் குளிர்பானங்களில் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதாக அறிவித்தபோது நாடு முழுவதும் விற்பனை சரிந்தது. ஓர் ஊரின் கிணறு வற்றியதற்காகத் தொலைவிலுள்ள நுகர்வோர் புட்டியைக் கீழே வைக்கவில்லை. தம் உடலுக்குத் தீங்கு என்றபோது வைத்தனர். ஊர்க்கிணற்றுக்காக முடிவெடுத்தது ஊராட்சி மன்றமே.

ஆகவே இரு நிகழ்வுகளிலும் நிறுவனத்தின் நடத்தைக்குத் தீர்ப்பு வழங்கியவர் வாங்குபவர் அல்லர், உடன் வாழ்பவர். சமூகப் பொறுப்பின் பயனை விற்பனை எண்களில் மட்டும் தேடும் ஆய்வு கிழக்கம்பலத்தில் எதையும் காணாது. ‘விளைவு இல்லை’ என்று எழுதிவிட்டுத் திரும்பும். அங்கு நிகழ்ந்த அதிகார மாற்றம் அதன் அட்டவணைக்குள் வராது.

இங்கே சொல்லும் ஒரு குறிப்புத் தருகிறது. ‘பொறுப்பு’ என்பதன் வேர் ‘பொறு’. சுமத்தல், தாங்குதல் என்பன அதன் பொருள்கள். சுமப்பவரிடம் கணக்குக் கேட்கலாம். ‘கொடை’ அவ்வாறன்று, கொடுத்தவரிடம் நன்றி கூறலாம், கணக்குக் கேட்பது வழக்கமில்லை. சட்டம் பொறுப்பு என்று எழுதியதை ஊர் கொடை என்று பெற்றுக்கொள்ளும்போது, கேள்வி கேட்கும் உரிமை நன்றிக்கடனாக மாறிவிடும் அபாயம் இருக்கிறது. நுகர்வோர் எதை வாங்குகிறார் என்று கேட்டுவந்த ஆய்வாளர், கொடுப்பவர் எதை வாங்குகிறார் என்றும் இனிக் கேட்க வேண்டியிருக்கிறது.