இறுதித் திருப்பம் (தமிழ்த் திரைப்படம்)

பார்வையாளர் அதுவரை நம்பிவந்ததைக் கடைசிக் காட்சிகளில் தலைகீழாக்கும் கதை உத்தி. தமிழில் இதன் முன்னோடிகளுள் முக்கியமானது, ஏ.வி.எம். தயாரிப்பில் எஸ். பாலச்சந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ (1954).

சென்னைமீது ஜப்பானிய விமானம் குண்டு வீசிய 1943ஆம் ஆண்டில் கதை நடக்கிறது. வானொலிப் பொறியாளர் ராஜன் (சிவாஜி கணேசன்) வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்படுகிறார். விசாரிக்கப்படுவோர் ஒவ்வொருவரும் வேறொருவரைக் கைகாட்டுகிறார்கள். முடிவில், குண்டு பாய்ந்தது மனைவி உஷாவின் (பண்டரிபாய்) கையிலிருந்த துப்பாக்கியிலிருந்து என்பது வெளிப்படுகிறது. கணவனோ ஜப்பானுக்கு உளவு சொன்னவன்! பாடலே இல்லாத முதல் தமிழ்ப் படமும் இதுவே.

பத்தாண்டு கழித்து ‘புதிய பறவை’யில் (1964) இம்முறை சிவாஜியே ஏமாறுகிறார். காதலி லதா (சரோஜாதேவி) உண்மையில் காவல்துறை அதிகாரி. முதல் மனைவியின் மரணம் குறித்து வாக்குமூலம் பெறவே அந்தக் காதல் நாடகம்.