மகப்பேற்று விடுப்பு ஆட்குறைப்பும் தீர்வு உடன்படிக்கையும் (பெரிய பிரித்தானியா)

மகப்பேற்று விடுப்பில் இருக்கும் பெண் ஊழியர் ஒருவரின் பணியிடம் ஆட்குறைப்பால் நீக்கப்படும்போது, அவரும் வேலை வழங்குநரும் தீர்ப்பாயத்துக்குச் செல்லாமல் பிணக்கை முடித்துக்கொள்ளச் செய்யும் எழுத்து மூல ஒப்பந்தம் தீர்வு உடன்படிக்கை எனப்படும். ஊழியர் தம் சட்டக் கோரிக்கைகளைக் கைவிடுவார். அதற்கு ஈடாக வேலை வழங்குநர் பணமும் வேறு சில உறுதிகளும் தருவார். இக்கட்டுரை இங்கிலாந்து, வேல்சு, இசுக்கொட்லாந்து ஆகியவற்றின் சட்டநிலையைப் பற்றியது. வட அயர்லாந்துக்குத் தனிச் சட்டங்கள் உள்ளன.

பின்னணி

கருவுற்றிருப்பதைக் காரணமாகக் கொண்டு ஒரு பெண்ணுக்கு வேலை மறுப்பது நேரடியான பால் பாகுபாடு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1990 ஆம் ஆண்டு டெக்கர் வழக்கில் தீர்ப்பளித்தது. பிரித்தானியாவில் 1993 ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சீர்திருத்த, வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டம், பணிக்காலம் எவ்வளவாயினும் கருவுற்ற பெண்களைப் பணிநீக்கத்திலிருந்து காத்தது. ஊழியர் தம் உரிமைக் கோரிக்கையை ஒப்பந்தம் மூலம் விட்டுக்கொடுக்க வழிசெய்த "சமரச உடன்படிக்கை" முறையும் இதே சட்டத்தின் வழியே வந்தது. காப்பும் அக்காப்பை விலைபேசும் கருவியும் ஒரே சட்டத்தில் பிறந்தன என்பது நோக்கத்தக்கது. 2013 சூலையில் இதன் பெயர் "தீர்வு உடன்படிக்கை" என்று மாற்றப்பட்டது.

சிக்கலின் அளவு சிறிதன்று. கருவுற்றமை அல்லது மகப்பேறு காரணமாக ஆண்டுதோறும் ஏறத்தாழ 30,000 பெண்கள் வேலை இழப்பதாகச் சம வாய்ப்பு ஆணையம் 2005 இல் மதிப்பிட்டது. சமத்துவ, மனித உரிமைகள் ஆணையமும் அரசும் நடத்தி 2016 இல் முழுமையாக வெளியிட்ட ஆய்வில், தாய்மாருள் 11 விழுக்காட்டினர் நீக்கப்பட்டதாகவோ, பிறர் நீக்கப்படாதபோது தாம் மட்டும் கட்டாய ஆட்குறைப்புக்கு உள்ளானதாகவோ, நடத்தப்பட்ட விதத்தால் விலக நேர்ந்ததாகவோ கூறினர். நாடு முழுவதற்கும் கணக்கிட்டால் இது ஆண்டுக்கு 54,000 தாய்மார் வரை ஆகும் என்று அவ்வாய்வு கூறியது. இவர்களுள் தீர்ப்பாயம் வரை செல்பவர் மிகச் சிலரே. கைக்குழந்தையோடு, குறைந்த ஊதியத்தில், நாள் எண்ணிக்கொண்டு வழக்காடுவது எளிதன்று. ஆகவே தீர்வு உடன்படிக்கையே பலருக்கும் கிட்டும் ஒரே முடிவாக அமைகிறது.

ஆட்குறைப்பு எப்போது செல்லும்

மகப்பேற்று விடுப்பில் இருப்பவரை ஆட்குறைப்பே செய்யக்கூடாது என்ற எண்ணம் பரவலாக உண்டு. அது தவறு. 1996 ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டப்படி, ஒரு வகை வேலைக்கான தேவை உண்மையிலேயே நின்றுவிட்டாலோ குறைந்துவிட்டாலோ விடுப்பில் இருப்பவரின் பணியிடத்தையும் நீக்கலாம். ஆனால் விடுப்பே அதற்குக் காரணமாக இருத்தல் ஆகாது. அவ்வாறு இருந்தால் அது 2010 ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின் 18 ஆம் பிரிவுப்படி பாகுபாடு ஆகும். இதை நிறுவ, ஓர் ஆண் ஊழியரோடு ஒப்பிட்டுக் காட்ட வேண்டியதில்லை.

மெய்யான ஆட்குறைப்பையும் பெயரளவிலான ஆட்குறைப்பையும் பிரித்தறியச் சில செய்திகள் உதவும். விடுப்புக் காலத்துக்கென அமர்த்தப்பட்ட மாற்று ஊழியர் தொடர்ந்து அதே வேலையைச் செய்கிறாரா, அதே கடமைகள் வேறு பதவிப் பெயரில் விளம்பரப்படுத்தப்பட்டனவா, நீக்கத்துக்குரியோர் குழுவில் அவர் ஒருவர் மட்டுமே வைக்கப்பட்டாரா, கலந்தாய்வுக் கடிதங்கள் விடுப்பில் இருப்பவர் பார்க்க இயலாத அலுவலக மின்னஞ்சலுக்கு அனுப்பப்பட்டனவா என்பன அவை. பேச்சுவார்த்தையில் ஊழியரின் வலிமை பெரும்பாலும் இத்தகைய சிறு செய்திகளிலேயே தங்கியுள்ளது. கருவுற்ற காலத்திலோ மகப்பேற்று விடுப்பிலோ நீக்கப்படும் பெண், தாம் கேளாமலே, பணிக்காலம் எவ்வளவாயினும், நீக்கத்துக்கான காரணங்களை எழுத்தில் பெற உரிமை உடையவர் (1996 சட்டம், பிரிவு 92). பிறருக்கு இவ்வுரிமை கேட்டால்தான் கிடைக்கும். குறித்த பணிக்காலமும் வேண்டும்.

முன்னுரிமை விதி

1999 ஆம் ஆண்டின் மகப்பேற்று, பெற்றோர் விடுப்பு ஒழுங்குவிதிகளின் 10 ஆம் விதி இத்துறையின் அச்சாணி எனலாம். விடுப்பில் இருப்பவரின் பணியிடம் நீக்கப்பட்டு, அதே நிறுவனத்திலோ அதன் இணை நிறுவனத்திலோ பொருத்தமான காலியிடம் இருந்தால், மற்ற ஊழியரை முந்தி அவருக்கே அதை அளிக்க வேண்டும். அவர் விண்ணப்பிக்கவோ பிறரோடு நேர்காணலில் போட்டியிடவோ தேவையில்லை. அளிக்கத் தவறி அவரை நீக்கினால் அது தன்னியல்பாகவே நியாயமற்ற பணிநீக்கம் ஆகும். அதைக் கோரக் குறைந்தபட்சப் பணிக்காலம் எதுவும் வேண்டியதில்லை. 2024 ஏப்ரல் 6 முதல் இக்காப்பு, கருவுற்றிருப்பதை வேலை வழங்குநருக்குத் தெரிவித்த நாளிலிருந்து தொடங்குகிறது. மகப்பேற்று விடுப்பு எடுத்தவருக்குக் குழந்தை பிறந்து 18 மாதங்கள் வரை நீடிக்கிறது. 2023 ஆம் ஆண்டில் நிறைவேறிய ஒரு சட்டம் இதற்கு வழிவகுத்தது.

இம்முன்னுரிமை காலியிடத்தைப் பெறுவதற்கே உரியது. யாரை நீக்குவது என்று மதிப்பெண் இடும் கட்டத்துக்கு அது பொருந்தாது. 2011 இல் மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம் முடிவு செய்த எவர்செட்சு வழக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரு சட்ட நிறுவனத்தில் இருவருள் ஒருவரை நீக்க வேண்டியிருந்தது. ஒருவர் ஆண், மற்றவர் மகப்பேற்று விடுப்பில் இருந்த பெண். கட்டணம் வசூலாகும் வேகம் என்ற அளவுகோலில், விடுப்பில் இருந்தவருக்கு அளக்க ஏதும் இல்லை என்பதால் முழு மதிப்பெண் தரப்பட்டது. அரை மதிப்பெண் குறைந்த ஆண் வேலை இழந்தார். தேவைக்கு மேற்பட்ட இச்சலுகை ஆணுக்கு எதிரான பாகுபாடு என்றும், பெண் பணியில் இருந்த கடைசிக் காலத்தைக் கொண்டு இருவரையும் அளந்திருக்கலாம் என்றும் தீர்ப்பாயம் கூறியது.

ஏற்கெனவே உரியனவும் புதிதாகத் தரப்படுவனவும்

வேலை வழங்குநர் பெரும்பாலும் ஒரே தொகையைக் குறிப்பிட்டு உடன்படிக்கையை நீட்டுவார். அத்தொகையில் பெரும்பகுதி, கையொப்பம் இட்டாலும் இடாவிட்டாலும் ஊழியருக்குச் சேரவேண்டியதாக இருக்கக்கூடும். இதைப் பிரித்தறிவதே பேச்சுவார்த்தையின் முதற்படி.

சட்டமுறை ஆட்குறைப்புக் கொடை, இரண்டு ஆண்டு பணி முடித்தவருக்கு உண்டு. 22 வயதுக்குக் கீழ் பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை வார ஊதியமும், 22 முதல் 40 வரை ஒரு வார ஊதியமும், 41 முதல் ஒன்றரை வார ஊதியமும் கணக்கிடப்படும். இருபது ஆண்டுகளுக்கு மேல் கணக்கில் வராது; வார ஊதியத்துக்கும் ஆண்டுதோறும் திருத்தப்படும் உச்ச வரம்பு உண்டு. இங்கு வார ஊதியம் என்பது வழக்கமான முழு ஊதியமே. விடுப்பில் பெறும் குறைந்த தொகையைக் கொண்டு கணக்கிடுவது பிழை. விடுப்புக் காலத்திலும் ஆண்டு விடுமுறை சேர்ந்துகொண்டே இருக்கும் ஆதலால், எடுக்காத விடுமுறைக்கும் பணம் உண்டு.

சட்டமுறை மகப்பேற்று ஊதியம் 39 வாரங்களுக்கு உரியது. முதல் 6 வாரம் சராசரி ஊதியத்தின் 90 விழுக்காடும், எஞ்சிய 33 வாரம் அரசு குறித்த நிலையான தொகை அல்லது 90 விழுக்காடு இவற்றுள் குறைந்ததும் கிடைக்கும். தகுதி பெற்றபின் வேலை போனாலும் இது நிற்காது. இதை விட்டுக்கொடுப்பதாக எழுதப்படும் ஒப்பந்த வாசகம் 1992 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி செல்லாது. நிறுவனம் தன் ஒப்பந்தப்படி கூடுதல் மகப்பேற்று ஊதியம் தந்திருந்தால், வேலைக்குத் திரும்பாதவர் அதைத் திருப்பித் தரவேண்டும் என்ற விதி இருக்கக்கூடும். அது தமக்குப் பொருந்தாது என உடன்படிக்கையில் எழுதி வாங்குவது நன்று.

முன்னறிவிப்புக் காலம் பற்றிய விதி சற்று விந்தையானது. சட்டப்படி, பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு வாரம் என 12 வாரம் வரை முன்னறிவிப்பு வேண்டும். அக்காலத்தில் விடுப்பில் இருப்பவருக்கும் முழு ஊதியம் உண்டு. ஆனால் வேலை வழங்குநர் ஒப்பந்தப்படி தரவேண்டிய முன்னறிவிப்பு, சட்டமுறைக் காலத்தைவிட ஒரு வாரமோ அதற்கு மேலோ கூடுதலாக இருந்தால் இவ்வுரிமை இல்லை. ஆகவே மூன்று மாத முன்னறிவிப்பு கொண்ட மேலாளர் மகப்பேற்று ஊதியத்தோடு நிற்க, நான்கு வார முன்னறிவிப்பு கொண்ட எழுத்தர் முழு ஊதியம் பெறும் நிலை ஏற்படலாம். முன்னவர், முன்னறிவிப்புக்குப் பதிலாக முழு ஊதியத்தைத் தருமாறு பேச்சில் கேட்பது வழக்கம்.

கற்பனையான ஓர் எடுத்துக்காட்டு: 34 வயதுள்ள ஒருவர் வாரம் 600 பவுண்டு ஊதியத்தில் ஆறு முழு ஆண்டுகள் பணியாற்றியுள்ளார், ஒப்பந்த முன்னறிவிப்பு நான்கு வாரம். ஆட்குறைப்புக் கொடை 3,600 பவுண்டு. முன்னறிவிப்பு சட்டப்படி ஆறு வாரம் ஆதலால், அவ்வாரங்களின் மகப்பேற்று ஊதியமும் உட்பட 3,600 பவுண்டு. சேர்ந்த விடுமுறை ஐந்து வாரம் எனில் 3,000 பவுண்டு. ஆக 10,200 பவுண்டு அவருக்கு எப்படியும் உரியது. நிறுவனம் "12,000 பவுண்டு தருகிறோம்" என்றால், அவர் தம் கோரிக்கைகள் அனைத்தையும் கைவிடுவதற்கான விலை 1,800 பவுண்டு, அதாவது மூன்று வார ஊதியம் மட்டுமே.

கைவிடப்படும் கோரிக்கையின் மதிப்போ வேறு வகையில் அளக்கப்படும். பாகுபாட்டுக்கான இழப்பீட்டுக்கு உச்ச வரம்பு இல்லை. புதிய வேலை கிடைக்கும் வரையிலான ஊதிய இழப்போடு, மனவேதனைக்கும் தனியே தொகை உண்டு. பின்னதற்கு 2002 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் வென்டோ வழக்கில் மூன்று படிநிலைகளை வகுத்தது. அப்போது கடுமையான நிகழ்வுகளுக்கு 15,000 முதல் 25,000 பவுண்டு எனக் குறிக்கப்பட்டது. தொகைகள் பின்னர் பலமுறை உயர்த்தப்பட்டன. வேலை வழங்குநருக்கு ஏற்படும் வழக்குச் செலவும் இக்கணக்கில் மறைமுகமாகச் சேரும்.

"பதிவில்லாப் பேச்சு"

உடன்படிக்கைப் பேச்சு பெரும்பாலும் "இது பின்னர் சான்றாகக் காட்டப்படக்கூடாத உரையாடல்" என்ற முன்னுரையோடு தொடங்கும். 2013 முதல் 1996 சட்டத்தின் 111அ பிரிவு இதற்கு இடந்தருகிறது. எனினும் அப்பிரிவு சாதாரண நியாயமற்ற பணிநீக்கக் கோரிக்கைக்கு மட்டுமே பொருந்தும். பாகுபாட்டுக்கும் மகப்பேறு தொடர்பான நீக்கத்துக்கும் பொருந்தாது. பழைய பொதுச் சட்டக் காப்போ, பிணக்கு ஒன்று ஏற்கெனவே நிலவினால்தான் செல்லும். பிஎன்பி பரிபா வழக்கில் (2004), மகப்பேற்று விடுப்பு முடிந்து திரும்பி முறையீடு அளித்த பெண்ணிடம், இத்தகைய முன்னுரையோடு வேலையை விட்டு விலகும்படி பேசப்பட்டது. அவ்வுரையாடலைச் சான்றாக ஏற்கலாம் என மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம் தீர்ப்பளித்தது. எனவே இத்தகைய கூட்டங்களில் கூறப்பட்டதை நாளும் நேரமும் இட்டு உடனே குறித்துவைக்குமாறு ஆலோசகர்கள் கூறுவர்.

செல்லுபடியாகும் நிபந்தனைகள்

உடன்படிக்கை எழுத்தில் இருக்கவேண்டும். கைவிடப்படும் கோரிக்கைகளைக் குறிப்பிடவேண்டும். ஊழியர் காப்புறுதி உடைய தற்சார்பான ஆலோசகரிடம் அறிவுரை பெற்றிருக்கவேண்டும். வழக்குரைஞரோ, உரிய சான்று பெற்ற தொழிற்சங்க அலுவலரோ, அறிவுரை நிலையப் பணியாளரோ ஆலோசகராகலாம். அறிவுரையின்றி இடப்பட்ட கையொப்பம் சட்டக் கோரிக்கைகளைத் தடுக்காது. இக்கட்டணத்தின் ஒரு பகுதியையேனும் வேலை வழங்குநர் ஏற்பது வழக்கம்; அது சட்டக் கடமை அன்று. ஆராய்ந்து பார்க்கக் குறைந்தது பத்து நாள் தரவேண்டும் என்று ஏகாசு எனப்படும் இணக்கப்படுத்தல் சேவையின் நடைமுறைக் கோவை கூறுகிறது. ஏகாசு நடுவே நின்று முடித்துவைக்கும் தீர்வுக்கு, தனி ஆலோசகர் தேவையில்லை.

வேலை இழப்புக்கான ஈடு 30,000 பவுண்டு வரை வருமான வரியிலிருந்து விலக்குப் பெறும். முன்னறிவிப்பு ஊதியமும் விடுமுறைப் பணமும் மகப்பேற்று ஊதியமும் வரிக்குரியவை. எனவே தொகைகளைத் தனித்தனியே எழுதச் செய்வது பயனுடையது. பணம் ஒருபுறமிருக்க, நற்சான்றுக் கடிதத்தின் வாசகத்தை உடன்படிக்கையோடு இணைப்பது, போட்டி நிறுவனத்தில் சேரத் தடைவிதிக்கும் விதிகளைத் தளர்த்துவது ஆகியவையும் பேசப்படும். பணவகையில் இறங்கிவராத நிறுவனங்கள் இவற்றில் எளிதில் இணங்குவதுண்டு.

கால எல்லை

தீர்ப்பாயத்தில் கோரிக்கை தொடுக்க நெடுங்காலமாக உள்ள எல்லை மூன்று மாதத்துக்கு ஒரு நாள் குறைவு. பேச்சுவார்த்தை நடப்பதாலோ நிறுவனத்துக்குள் முறையீடு நிலுவையில் இருப்பதாலோ இக்காலம் நிற்பதில்லை. ஏகாசில் முன்கூட்டிய இணக்கப்படுத்தலுக்குப் பதிவு செய்தால்தான் காலக்கணக்கு இடைநிறுத்தப்படும். "அடுத்த வாரம் பதில் தருகிறோம்" என்ற கடிதங்கள் தொடர, எல்லை கடந்து கோரிக்கையையே இழந்தோர் உண்டு. எல்லை கடந்தபின் பேசுவதற்கும் ஏதும் எஞ்சாது. 2025 ஆம் ஆண்டின் வேலைவாய்ப்பு உரிமைகள் சட்டம் இவ்வெல்லையை ஆறு மாதமாக நீட்ட வகைசெய்துள்ளது. அப்பிரிவு நடைமுறைக்கு வருமுன் எழுந்த கோரிக்கைகளுக்குப் பழைய எல்லையே பொருந்தும்.

விமர்சனம்

2013 சூலையில் தீர்ப்பாயக் கட்டணம் கொண்டுவரப்பட்டபோது, பாகுபாட்டு வழக்கொன்றை விசாரணை வரை கொண்டுசெல்ல 1,200 பவுண்டு தேவைப்பட்டது. வழக்குகளின் எண்ணிக்கை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது. ஊழியர் கட்டணம் செலுத்துகிறாரா என்று பார்த்தபின் பேசலாம் எனக் காத்திருக்க வேலை வழங்குநருக்கு இது இடமளித்தது. யுனிசன் தொழிற்சங்கம் தொடுத்த வழக்கில் 2017 சூலை 26 அன்று உச்ச நீதிமன்றம் இக்கட்டணத்தைச் சட்டத்துக்கு முரணானது என நீக்கியது.

இரகசியக் காப்பு விதிகள் மீதான குறை இன்னும் ஓயவில்லை. உடன்படிக்கை செய்தவர் நடந்ததை வெளியே கூற இயலாமையால், ஒரே நிறுவனத்தில் அடுத்தடுத்து வேலை இழக்கும் தாய்மார் ஒருவரையொருவர் அறிவதில்லை என்று 2015 இல் தொடங்கிய "பிரெக்னன்ட் தென் சுகுரூடு" என்ற அமைப்பு உள்ளிட்ட பரப்புரையாளர்கள் கூறிவந்துள்ளனர். பொதுநலன் கருதி முறைகேட்டை வெளிப்படுத்துவதை எந்த உடன்படிக்கையாலும் தடுக்க இயலாது என்பது முன்னரே சட்டம். தொல்லை, பாகுபாடு பற்றிப் பேசவிடாமல் தடுக்கும் வாசகங்களைச் செல்லாதனவாக்கும் பிரிவொன்றும் 2025 சட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளது. ஊழியரே இரகசியத்தை விரும்பும்போது அதற்கு எவ்வாறு விலக்களிப்பது என்பது தனி ஒழுங்குவிதிகளுக்கு விடப்பட்டுள்ளது.