மோர்பினும் அதன் அளவும்

பெரகல மலைச்சரிவின் லயமொன்றிலே புற்றுநோயால் துடிப்பவருக்கு மோர்பின் அமிழ்தமே. அளவு மீறின், அதுவே மூச்சை அடக்கும் நஞ்சு.

கசகசாக் காயின் பாலாகிய அபினின் வீரியம் செடிக்குச் செடி வேறுபடும். நேற்று நோவாற்றிய அளவே இன்று கொல்லவும் கூடும். ஜேர்மானிய மருந்தாளர் செர்த்தூர்னர் அதன் சாரத்தைப் பிரித்தெடுத்தார். தாமும் இளைஞர் மூவரும் முக்கால் மணி நேரத்துள் மும்முறை அதனை உண்டு, நஞ்சேறி, வினாகிரி குடித்து வாந்தியெடுத்ததை 1817இல் எழுதி வெளியிட்டார். துணிவோ, பேதைமையோ! நிறுத்தளந்து கொடுக்கத்தக்க மருந்து இவ்வாறே உலகிற்குக் கிடைத்தது.

இலங்கையில் 1929ஆம் ஆண்டின் நஞ்சுகள், அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம் அதற்குக் காவலிட்டது. காவல் தகும், வலியுற்றவனுக்கு மருந்தை மறுக்கும் அச்சம் தகாது. உலகச் சுகாதார நிறுவனம் 1986இல் வகுத்த முறைப்படி, கடும் புற்றுநோய் வலிக்கு மோர்பினை வாய்வழியே, வேளை தவறாது, ஆளுக்கேற்ற அளவிற் கொடுக்கலாம். மூச்சு மந்தமாகி, எழுப்பியும் விழியாதவரை மட்டும் தாமதமின்றிப் பதுளை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.