தாது வருடப் பஞ்சமும் உலகக் காற்றழுத்தக் கணக்கும்

தமிழ் மக்களின் நினைவில் 'தாது வருடப் பஞ்சம்' என்று நிலைத்துவிட்ட 1876–78 பெரும்பஞ்சம், பட்டினியின் வரலாறாகவும் காலனிய ஆட்சியின் வரலாறாகவுமே பெரிதும் எழுதப்பட்டுள்ளது. அது உலகக் காலநிலைக் கண்காணிப்பின் வரலாற்றிலும் ஒரு திருப்பம் என்பது அதிகம் பேசப்படுவதில்லை.

மதராஸ் வானாய்வகம் 1792இல் நிறுவப்பட்டது. 1796 முதல் அங்கு வானிலைக் குறிப்புகள் பதிவாகிவந்தன. எண்பது ஆண்டுக் குறிப்புகள் கையிலிருந்தும், 1876இல் மழை ஏன் பொய்த்தது என்பதற்கு அவற்றில் விடையில்லை. ஓரிடத்து அளவீடு அவ்விடத்து நிலையை மட்டுமே சொல்லும். காரணமோ கடல் கடந்து கிடந்தது.

பஞ்சத்திற்குச் சற்று முன்னர்தான் இரண்டு ஏற்பாடுகள் நிகழ்ந்திருந்தன. 1873இல் வியன்னாவில் கூடிய முதல் பன்னாட்டு வானிலையியல் மாநாடு, நாடுகளின் அளவீட்டு முறைகளை ஒத்திசையச் செய்யும் முயற்சியைத் தொடங்கியது. 1875இல் இந்திய வானிலைத் துறை உருவாகி, ஹென்றி பிளான்ஃபோர்டு அதன் தலைமையை ஏற்றார். பாதரச அழுத்தமானியின் அளவை வெப்பநிலைக்கேற்பத் திருத்திக் கடல்மட்டத்திற்கு ஈடாக்காவிட்டால், கல்கத்தாவின் எண்ணும் அடிலெய்டின் எண்ணும் ஒப்பிடத் தகாதவை. இன்று சிறு செய்தியாகத் தோன்றும் இந்த ஒழுங்கே பின்னர் நிகழ்ந்த அனைத்திற்கும் அடித்தளம்.

1877இல் இந்தியாவில் காற்றழுத்தம் வழக்கத்தைவிட உயர்ந்திருந்ததைக் கண்ட பிளான்ஃபோர்டு, பிற நாட்டு வானிலையாளர்களிடமும் தரவு கோரினார். ஆசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பரந்த நிலப்பகுதியில் அவ்வுயர்வு காணப்பட்டது. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஒரே காலத்தில் வறட்சியுறுவதை அடிலெய்டிலிருந்த சார்லஸ் டாட் 1888இல் சுட்டிக்காட்டினார்.

1904 முதல் 1924 வரை துறையை வழிநடத்திய கில்பர்ட் வாக்கர், உலகின் பல நிலையங்களின் பதிவுகளைப் புள்ளியியல் முறையில் ஒப்பிட்டார். பசிபிக் பகுதியில் அழுத்தம் உயரும்போது இந்தியப் பெருங்கடல் பகுதியில் அது தாழும் போக்கிற்கு 1924இல் 'தெற்கு அலைவு' எனப் பெயரிட்டார். அந்த அலைவு பசிபிக் கடல்நீர் வெப்பமடையும் எல் நினோவுடன் பிணைந்தது என்பதை 1960களில் யாக்கோப் பியர்க்னெஸ் விளக்கினார்; அதற்கு 1957–58 பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டின் அளவீடுகள் துணைநின்றன. 1877–78இன் எல் நினோ, அறியப்பட்டவற்றுள் மிக வலியவற்றில் ஒன்று எனப் பிற்கால ஆய்வுகள் கண்டன.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். மழையைத் தடுத்தது கடல். மக்களைக் கொன்றது கடல் மட்டுமன்று. பஞ்ச காலத்திலும் தானிய ஏற்றுமதி நிற்கவில்லை. 1877இல் ரிச்சர்ட் டெம்பிள் நிவாரணப் பணியாளரின் கூலியைக் குறைத்தபோது, மதராஸ் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் எதிர்த்து வாதிட வேண்டியிருந்தது. எல் நினோவைக் காரணங்காட்டி ஆட்சியின் பொறுப்பைக் கழித்துவிட இயலாது.

1950இல் உலக வானிலை அமைப்பும் 1992இல் உலகக் காலநிலைக் கண்காணிப்பு அமைப்பும் இப்பணியை நிறுவனமயமாக்கின. 2021இல் உலக வானிலை அமைப்பு தரவுப் பகிர்வுக் கொள்கையை விரிவாக்கியது. பசிபிக் தீவொன்றில் நிலையம் மூடப்பட்டால், அந்த இழப்பு அத்தீவோடு நிற்பதில்லை. காவிரிப் படுகையின் மழைக் கணிப்பிலும் அதன் நிழல் விழும். முன்னறிவிப்பு கிடைத்தபின் களஞ்சியத்தைத் திறப்பதா மூடுவதா என்பது மட்டும் அன்றும் இன்றும் அரசுகளின் முடிவு.