காற்றுத் தொங்கல் அமைப்பும் பெரிய நாற்சக்கர இயக்க ஊர்திகளும்

காற்றுத் தொங்கல் அமைப்பு என்பது ஊர்தியின் உடற்பகுதியை எஃகு வில்களின் மேல் நிறுத்தாமல், அழுத்தப்பட்ட காற்று நிரம்பிய இரப்பர் உறைகளின் மேல் தாங்கி நிறுத்தும் முறையாகும். ஓட்டுநர்களும் பயணிகளும் இதனை 'ஏர் சஸ்பென்ஷன்' என்றே சொல்வர். முதலில் பேருந்துகளில் பரவிய இம்முறை, 1992-ஆம் ஆண்டில் ரேஞ்ச் ரோவர் வழியாகப் பெரிய நாற்சக்கர இயக்க ஊர்திகளில் இடம்பெற்றது. நான்கு சக்கரங்களுக்கும் இயந்திர ஆற்றல் செல்லும் ஊர்தியே நாற்சக்கர இயக்க ஊர்தி. மணலிலும் மேடுபள்ளத்திலும் செல்ல வேண்டிய உயர்ந்த வண்டி, விரைவுச் சாலையிலும் தடுமாறாமல் ஓட வேண்டும் என்னும் தேவையே இந்த வரலாற்றின் மையமாகும்.

முத்துக்குளித்துறையின் சாலைகளும் மணலும்

இந்த இரட்டைத் தேவையைத் தூத்துக்குடிக் கடற்கரை தெளிவாகக் காட்டுகிறது. தூத்துக்குடியிலிருந்து மதுரைக்குச் செல்லும் நான்குவழிச் சாலை பெரும்பாலும் நேரானது. வண்டிகள் வேகமாகச் செல்லக்கூடியது. ஆனால் உப்பளங்களுக்குள் செல்லும் பாதைகள் மண்கரைகளே. தெற்கே திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கம் சென்றால் செம்மணல் குன்றுகளான தேரிகள் தொடங்குகின்றன. அந்த மணலில் சாதாரணக் காரின் சக்கரம் சுழலச் சுழலப் புதையும்.

மன்னார் வளைகுடாவின் வட முனையிலும் இதே நிலை இருந்தது. 1964-ஆம் ஆண்டுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின், முகுந்தராயர் சத்திரத்திற்கு அப்பால் ஒழுங்கான சாலை இல்லை. 2017-இல் அரிச்சல்முனை வரை புதிய சாலை திறக்கப்படும் வரை, மீனவர்களையும் பயணிகளையும் ஈர மணலில் ஏற்றிச் சென்றவை நாற்சக்கர இயக்க ஜீப்புகளும் வேன்களுமே. அவை எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய பட்டைவில்களின் மேல் நின்றன. மணலைக் கடக்க அவை போதுமானவை. ஆனால் உள்ளே இருந்தவர்களுக்குக் குலுக்கல் மிகுதி.

எஃகு வில்லின் வரம்பு

வில் மென்மையாக இருந்தால் பயணம் இதமாக இருக்கும். ஆனால் சுமை ஏறியதும் வண்டி தாழ்ந்துவிடும். வில்லைக் கடினமாக்கினால் சுமையைத் தாங்கும். வெற்று வண்டியாக ஓடும்போது தூக்கிப் போடும்.

இதை ஓர் எளிய கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். வண்டியின் உடற்பகுதி நொடிக்கு ஏறத்தாழ ஒரு முறை மேலும் கீழும் அசையும் அளவுக்கு வில் மென்மையாக இருந்தால், பயணம் இதமாக இருக்கும். அதற்கு எஃகு வில் தன்மேல் உள்ள எடையால் ஏறத்தாழ 25 செ.மீ. அமுங்கியிருக்க வேண்டும். அதே வில்லின் மேல் எடை ஒன்றரை மடங்கானால் அமுக்கம் 37.5 செ.மீ. ஆகும். அதாவது வண்டி மேலும் 12.5 செ.மீ. தாழும். மணலைக் கடப்பதற்கென்று வைத்த உயரத்தில் பெரும்பகுதி சுமை ஏற்றும்போதே போய்விடும்.

காற்று வில்லாவது எவ்வாறு

முத்துக்குளிப்போர் இதன் அடிப்படையை உடலால் அறிந்தவர்கள். இக்கடலின் முத்துப்பார்களுக்கு அவர்கள் கல்லின் துணையுடன் மூச்சடக்கி இறங்கினர். 10 மீட்டர் ஆழத்தில் நீரின் அழுத்தம் கடல்மட்டத்தைப்போல் இரு மடங்காகிறது. நுரையீரலில் உள்ள காற்றின் கன அளவு பாதியாகிறது. 20 மீட்டரில் அது மூன்றில் ஒரு பங்காகிறது. முதல் பாதியைச் சுருக்க 10 மீட்டர் போதும். மிஞ்சிய பாதியில் மூன்றில் ஒரு பகுதியை மட்டும் குறைக்க இன்னொரு 10 மீட்டர் தேவைப்படுகிறது. சுருங்கச் சுருங்கக் காற்று மேலும் எதிர்க்கிறது என்பதே இதன் பொருள். பாயில் விதி என்று பள்ளியில் படிப்பது இதுதான்.

காற்றுத் தொங்கலிலும் இதுவே நடக்கிறது. சக்கரம் மேட்டில் ஏறும்போது இரப்பர் உறைக்குள் உள்ள காற்று சுருங்குகிறது. சிறிய அதிர்வை மென்மையாக ஏற்று, பெரிய இடியைக் கடினமாகத் தடுக்கிறது. இதைவிட முக்கியமானது சுமைக்கேற்ற மாற்றம். சுமை கூடினால் கம்ப்ரசர் மேலும் காற்றைச் செலுத்துகிறது. உறைக்குள் அழுத்தம் உயர்கிறது. வண்டியின் உயரம் மாறுவதில்லை. எடை கூடிய அளவை ஒட்டியே விறைப்பும் கூடுவதால், வெற்று வண்டியும் நிறை வண்டியும் ஏறத்தாழ ஒரே தாளத்தில் அசைகின்றன. எஃகு வில்லால் இது இயலாது.

ஓர் அமைப்பில் இரப்பர் உறைகள், கம்ப்ரசர், காற்றுக்கலம், வால்வுத் தொகுதி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் உயரம் அறியும் உணரி, இவற்றை இயக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி ஆகியவை இருக்கும். அசைவை அடக்கும் ஷாக் அப்சார்பர் தனியாக வேண்டும். காற்று தாங்குமே தவிர, தன்னால் அசைவை அடக்காது.

தொடக்க வரலாறு

காற்றை வில்லாகப் பயன்படுத்தும் எண்ணம் பழையது. 1901-இல் அமெரிக்கரான வில்லியம் ஹம்ஃப்ரீஸ் ஊர்திகளுக்கான காற்று வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் காற்று கசியாத இரப்பர் உறையும் நம்பகமான வால்வும் கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

1950-களில் அமெரிக்கப் பேருந்துகளில் இம்முறை வேரூன்றியது. பேருந்துக்கும் காற்றுத் தொங்கலுக்கும் பொருத்தம் இயல்பானது: ஏறும் இறங்கும் பயணிகளால் எடை அடிக்கடி மாறும், காற்றுப் பிரேக்குக்காகக் கம்ப்ரசரும் ஏற்கெனவே வண்டியில் இருக்கும். கார்களில் நிலைமை வேறு. 1957-இல் காடிலாக் எல்டொராடோ புரோம் காற்றுத் தொங்கலுடன் வந்தது. கசிவுத் தொல்லையால் அந்தக் காலத்து அமெரிக்க முயற்சிகள் நீடிக்கவில்லை. பிரான்சின் சிட்ரோயன் நிறுவனம் 1955-இல் வெளியிட்ட டி.எஸ். காரில் வாயுவையும் எண்ணெயையும் இணைத்த வேறொரு வழியைக் கையாண்டது. 1984 மாடல் லிங்கன் மார்க் 7 காரில் மின்னணுக் கட்டுப்பாடு சேர்ந்தபின், காற்றுத் தொங்கல் கார்களில் மறுவாழ்வு பெற்றது.

ரேஞ்ச் ரோவர்: 1970 முதல்

1970 ஜூன் மாதம் இங்கிலாந்தில் வெளியான ரேஞ்ச் ரோவரை சார்லஸ் ஸ்பென்சர் கிங், கோர்டன் பாஷ்ஃபோர்ட் ஆகிய பொறியாளர்கள் வடிவமைத்தனர். அக்காலத்து நாற்சக்கர இயக்க வண்டிகள் பெரும்பாலும் பட்டைவில்களின் மேல் ஓடியபோது, இவர்கள் நான்கு சக்கரங்களுக்கும் நீண்ட சுருள்வில்களைப் பொருத்தினர். பின்புறம் சுமை ஏறினாலும் மட்டம் குறையாதிருக்கத் தானே மட்டமாகும் தாங்கி ஒன்றும் இருந்தது. வயலில் ஓடும் வண்டி நகரச் சாலையிலும் இதமாக ஓடியது.

அந்த இதத்திற்கு ஒரு விலை இருந்தது. மென்மையான சுருள்வில்லும் உயரமான உடலும் சேர்ந்ததால் வளைவுகளில் வண்டி நன்றாகச் சாய்ந்தது. பக்கச் சாய்வைக் குறைக்கும் தண்டு தொடக்கத்தில் பொருத்தப்படவில்லை. அது சேர்ந்தது 1990-இல் கிங்கின் பெயரெழுத்துகளைத் தாங்கி வந்த சி.எஸ்.கே. என்னும் சிறப்புப் பதிப்பில்தான்.

1992-இல், சக்கர இடைவெளி 108 அங்குலமாக நீட்டப்பட்ட எல்.எஸ்.இ. வகையுடன் மின்னணுக் காற்றுத் தொங்கல் வந்தது. 1994-இல் வெளியான இரண்டாம் தலைமுறையில் அது வழக்கமான பகுதியாயிற்று. ஓட்டுநர் ஒரு பொத்தானால் உயரத்தை மாற்ற முடிந்தது. ஏறி இறங்க மிகத் தாழ்ந்த நிலை, சாலைக்கு இயல்பு நிலை, கரடான பாதைக்கு உயர்ந்த நிலை என்று நிலைகள் இருந்தன. மணிக்கு ஏறத்தாழ 80 கி.மீ. வேகத்தைத் தாண்டிச் சிறிது நேரம் ஓடினால், வண்டி தானாகவே சில செ.மீ. தாழ்ந்துகொண்டது.

மூன்றாம் தலைமுறை 2001-இன் இறுதியில் அறிமுகமானது. இடவல சக்கரங்களை இணைக்கும் பழைய உறுதியான அச்சு நீங்கி, ஒவ்வொரு சக்கரமும் தனித்து அசையும் அமைப்பு வந்தது. இது சாலையில் நல்ல பிடிப்பைத் தந்தது. ஆனால் கரடான நிலத்தில் ஒரு சக்கரம் மேலெழும்போது எதிர்ச் சக்கரம் கீழிறங்கித் தரையைத் தொடும் பழைய நன்மை போனது. இடவல உறைகளின் காற்றுப் பாதையைத் தேவைப்படும்போது இணைக்கும் வால்வு அந்த இழப்பை ஈடுசெய்தது. ஒரே வண்டி நிலத்துக்கேற்பத் தன் குணத்தை மாற்றிக்கொள்ளக் காற்று வழிசெய்தது.

சாலையில் நடத்தை: கணக்கு சொல்வது

உயர்ந்த வண்டி கவிழும் வாய்ப்பை மதிப்பிட நிலைப்புத் தன்மைக் காரணி என்ற அளவு உள்ளது. இடவல சக்கரங்களுக்கு இடையேயான அகலத்தில் பாதியை, ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால் அது கிடைக்கும். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிறுவனத்தின் கணக்கில் பெரும்பாலான கார்கள் 1.3 முதல் 1.5 வரையும், எஸ்.யு.வி. போன்ற உயர்ந்த வண்டிகள் 1.0 முதல் 1.3 வரையும் பெறுகின்றன.

எடுத்துக்காட்டாக, 1.6 மீட்டர் அகலமும் 80 செ.மீ. உயரத்தில் ஈர்ப்பு மையமும் கொண்ட வண்டியின் காரணி 1.0. காற்றுத் தொங்கல் அதனை 5 செ.மீ. தாழ்த்தினால் காரணி ஏறத்தாழ 1.07 ஆகும். 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில், கணக்கின்படி கவிழும் வேகம் மணிக்கு 80 கி.மீ.யிலிருந்து 82 கி.மீ. அளவுக்கே உயர்கிறது. அதாவது 3 கி.மீ.க்கும் குறைவு. உண்மையில் அதற்கு முன்பே சக்கரங்கள் வழுக்கத் தொடங்கும். வழுக்கிய வண்டி சாலையோர மணலிலோ தடுப்பிலோ சிக்கினால்தான் பெரும்பாலும் கவிழ்கிறது.

அதே வளைவில் வேகத்தை 80-லிருந்து 60 ஆகக் குறைத்தால், வண்டியை வெளியே தள்ளும் விசை 44 விழுக்காடு குறைகிறது. விசை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதே காரணம். கம்ப்ரசர் கொடுப்பதைவிடப் பல மடங்கு பாதுகாப்பை ஓட்டுநரின் கால் கொடுக்கிறது.

காற்றுத் தொங்கல் பயனற்றது என்பது இதன் பொருளன்று. சுமை ஏறினாலும் மட்டம் மாறாததால் முன்விளக்கின் ஒளி எதிரே வருபவர் கண்ணில் அடிப்பதில்லை. பிரேக்கும் திருப்பமும் நிறைசுமையிலும் சீராக இருக்கின்றன. ஆனால் இதமான பயணம் வேகத்தை மறைக்கிறது. உள்ளே அமைதியாக இருப்பதால் 100 கி.மீ. வேகம் 70 போல் தோன்றும். இரண்டரை டன் எடையுள்ள வண்டியில் இந்த மயக்கம் ஆபத்தானது. மோதலில் அதன் சுமையைத் தாங்குபவர் பெரும்பாலும் எதிரே வரும் இருசக்கர வண்டிக்காரர்.

குறைகள்

இரப்பர் உறை காலப்போக்கில் வெடிக்கும். மடிப்புகளில் மணல் சேர்ந்தால் தேய்வு விரைவுபடும். சிறிய கசிவு இருந்தாலும் கம்ப்ரசர் ஓயாமல் ஓடிப் பழுதாகும். உப்புக் காற்று வீசும் கரையில் எஃகு வில் துருப்பிடிக்கும்; இரப்பர் துருப்பிடிக்காது, ஆனால் காற்றுத் தொங்கலின் மின் இணைப்புகளை அதே உப்பு அரிக்கும். பழைய ரேஞ்ச் ரோவர் உரிமையாளர்கள் பலர் செலவுக்கு அஞ்சிக் காற்றுறைகளைக் கழற்றிச் சுருள்வில் பொருத்திக்கொண்டனர். உள்ளூர்ப் பட்டறையில் சரிசெய்ய முடியுமா என்ற கேள்வி, தொலைவான இடங்களுக்குச் செல்லும் வண்டிக்குச் சிறிய கேள்வியன்று.

தமிழ்நாட்டில்

சென்னை பாடியில் 1960-இல் தொடங்கப்பட்ட வீல்ஸ் இந்தியா நிறுவனம், பேருந்துகளுக்கும் சரக்கு ஊர்திகளுக்குமான காற்றுத் தொங்கல்களைத் தயாரிக்கிறது. 2001-இல் வால்வோ பி7ஆர் பேருந்துகள் இந்தியாவுக்கு வந்தபின், தொலைதூரப் பயணிகள் 'ஏர் சஸ்பென்ஷன்' என்ற சொல்லைப் பார்த்துச் சீட்டு வாங்கத் தொடங்கினர்.

ரேஞ்ச் ரோவரைத் தயாரிக்கும் ஜாகுவார் லேண்ட் ரோவர் நிறுவனத்தை 2008 ஜூன் மாதம் டாடா மோட்டார்ஸ் வாங்கியது. இராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் டாடா மோட்டார்ஸின் 9,000 கோடி ரூபாய்த் தொழிற்சாலைக்கு 2024 செப்டம்பர் 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது.

தூத்துக்குடியிலோ ஒரு கார்த் தொழிற்சாலையே எழுந்துள்ளது. வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் சிப்காட் வளாகத்தில் அமைத்த மின்கார் ஆலைக்கு 2024 பிப்ரவரி 25 அன்று அடிக்கல் நாட்டப்பட்டு, 2025 ஆகஸ்ட் 4 அன்று திறக்கப்பட்டது. தொடக்கத்தில் ஆண்டுக்கு 50,000 வண்டிகள் தயாரிக்கும் திறனுடையது. இங்கு உருவாகும் வி.எஃப்.7 எஸ்.யு.வி.யின் ஒரு வகையில், முன்னும் பின்னும் தனித்தனி மோட்டார்கள் நான்கு சக்கரங்களையும் இயக்குகின்றன. அதன் தொங்கல் எஃகுச் சுருள்வில்தான். மின்கலம் தரைக்கு அருகில் இருப்பதால் மின்கார்களின் ஈர்ப்பு மையம் இயல்பாகவே தாழ்ந்துவிடுகிறது. காற்றைக் கொண்டு சில செ.மீ. தாழ்த்திப் பெற்ற நன்மையில் ஒரு பகுதியை மின்கலத்தின் இடமே கொடுத்துவிடுகிறது.

1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட வ.உ.சிதம்பரனார் துறைமுகத்திலிருந்து புறப்படும் கொள்கலன் லாரிகளும் இதே சாலைகளில்தான் செல்கின்றன. காற்றுத் தொங்கல் கொண்ட கனரக ஊர்தி சாலையின் மேல் செலுத்தும் அதிர்ச்சி, பட்டைவில் ஊர்தியைவிடக் குறைவு என்பதால், ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள் அத்தகைய இருசுகளுக்குக் கூடுதல் எடையை அனுமதிக்கின்றன. அங்கே காற்று பயணியின் சொகுசுக்கு மட்டுமன்றிச் சாலையின் ஆயுளுக்கும் உதவுகிறது.

ரேஞ்ச் ரோவரை வடிவமைத்த ஸ்பென்சர் கிங் 2010-இல் காலமானார். கரடான நிலத்திற்கென்று தாம் உருவாக்கிய வண்டியை, பிள்ளைகளைப் பள்ளியில் விட நகரத்துக்குள் ஓட்டிச் செல்வதை அவர் தம் முதுமையில் வெளிப்படையாகவே கண்டித்தார்.