மூக்கை அளந்தவர்களும் மூலிகையைக் கேட்டவர்களும்

பேச்சிப்பாறை, கோதையாறு மலைச்சரிவுகளில் வாழ்பவர்கள் காணிக்காரர்கள். மலைக்கு அப்பால் கேரளத்திலும் இவர்களின் குடியிருப்புகள் உண்டு. சென்ற நூற்றாண்டில் அறிஞர்கள் இவர்களை இருவேறு வழிகளில் ஆராய்ந்தனர். அவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது.

முதல் வழி அளவுகோல் வழி. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், க. ரங்காச்சாரியின் துணையுடன் தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றி 1909-இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். ஆயிரக்கணக்கானோரின் உயரம், தலை, மூக்கு ஆகியவற்றை அவர் அளந்தார். மூக்கின் அகலத்தை அதன் நீளத்தால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது ‘மூக்குக் குறியெண்’. அதைக் கொண்டு இனத்தை அறியலாம் என்று அன்று நம்பினர்.

தர்ஸ்டன் காட்டில் வாழ்ந்த காணிக்காரர்களையும், காட்டைவிட்டு வெளியே வந்து வாழ்ந்தவர்களையும் தனித்தனியே அளந்தார். இரு பிரிவினரின் சராசரிகளும் வேறுபட்டன. இனக்கலப்பே காரணம் என அக்காலத்தார் எண்ணினர். ஆனால் உணவும் வாழ்சூழலும் உடலை மாற்றக்கூடும் அன்றோ? அமெரிக்காவில் குடியேறியோரின் பிள்ளைகளுக்குத் தலைவடிவம் மாறுகிறது என்று ஃபிரான்ஸ் போவாஸ் 1911-இல் எடுத்துக்காட்டினார். வெப்பத்தால் நீளும் கம்பியை அடிக்கோலாகக் கொண்டால் என்ன ஆகும்? எத்தனை கவனமாக அளந்தாலும் விடை பிழையாகவே இருக்கும். மூக்குக் குறியெண்ணின் கதையும் அத்தகையதே.

இரண்டாவது வழி கேட்டறியும் வழி. 1987-இல் அகத்தியர் மலைப் பகுதியில் புஷ்பாங்கதன் முதலிய அறிவியலார் ஆய்வுப் பயணம் சென்றனர். வழிகாட்டிகளாக வந்த காணிக்காரர்கள் ஒரு செடியின் காய்களைத் தின்றுகொண்டு களைப்பின்றி மலையேறினர். அச்செடிதான் ஆரோக்கியப்பச்சை, தாவரவியலில் டிரைக்கோபஸ் செய்லானிக்கஸ். பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அதிலிருந்து, வேறு மூலிகைகளையும் சேர்த்து, ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கியது. 1995-இல் கோவை ஆரிய வைத்திய பார்மசிக்குத் தயாரிப்பு உரிமம் வழங்கப்பட்டது. உரிமத் தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணிக்காரர்களுக்கு என முடிவாயிற்று. அதைப் பெறுவதற்கு 1997-இல் கேரளத்தில் ஓர் அறக்கட்டளை பதிவு செய்யப்பட்டது.

இம்முயற்சி உலகெங்கும் பேசப்பட்டது, விவாதமும் எழுந்தது. ஒரு சமூகத்தின் அறிவை அளிக்க யார் சம்மதம் தர வேண்டும்? வழிகாட்டிகள் சிலரா, அச்சமூகம் முழுவதுமா? காணிக்காரர்களிலேயே சிலர் இந்த ஏற்பாட்டை எதிர்த்தனர். அறக்கட்டளையோ ஒப்பந்தத்திற்குப் பின்னரே தோன்றியது. அதே செடியை அறிந்த தமிழகத்துக் காணிக்காரர்களை மாநில எல்லை பிரித்து நிறுத்துகிறது. இந்தியாவின் உயிரியல் பன்மயச் சட்டம் 2002-இல்தான் வந்தது.

தர்ஸ்டன் காலத்தில் காணிக்காரர் அளக்கப்படும் பொருள். 1987-இல் அவரே ஆசான். ஆசானுக்கு உரிய காணிக்கையை எங்ஙனம் முறையாகச் செலுத்துவது என்பதே அறிவியல் இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் பாடம்.